கணினியில் தமிழில் பேசி எழுதப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்

பட்டர்வொர்த்தில் ஒரு சிறிய சங்கத்தின் செயலாளர் வேலை என் தலையில் இருக்கிறது. கூட்டக் குறிப்பு, அழைப்பிதழ், நன்றிக் கடிதம், ஆண்டு மலருக்குக் கட்டுரை என்று தட்டச்சு ஓயவே ஓயாது. வலது மணிக்கட்டு மக்கர் செய்யத் தொடங்கியதும் பேசி எழுதும் வழியைத் தேட வேண்டியதாயிற்று. கிடைத்த விளக்கங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்துக்கானவை. தமிழுக்கு என்று வரும் காணொளிகளோ, ‘பட்டனைத் தட்டுங்கள், பேசுங்கள், அவ்வளவுதான்’ என்று முடித்துவிடுகின்றன. அதற்குப் பிறகுதான் வேலையே இருக்கிறது என்பதை அவை சொல்வதில்லை. பினாங்கிலோ கோலாலம்பூரிலோ வீட்டில் உட்கார்ந்து இதைத் தொடங்குபவர்கள் நான் பட்ட அலைச்சல் படாமல் இருக்க இதை எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மென்பொருள் உங்களுக்காகக் கட்டுரை எழுதாது. நீங்கள் சொல்வதை ஒரு வரைவாக இறக்கித் தரும். பேசுவது ஒரு வேலை, திருத்துவது இன்னொரு வேலை என்று பிரித்துக்கொண்டால் நேரமும் மிஞ்சும், கையும் தப்பும். பேசிக்கொண்டே திருத்தப் பார்ப்பவர்கள் இரண்டே நாளில் வெறுத்துப்போய் விசைப்பலகைக்குத் திரும்பிவிடுவார்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கணினி புதிதாக இருக்க வேண்டியதில்லை. குரோம் அல்லது எட்ஜ் உலாவி ஒழுங்காக ஓடினால் போதும். பேச்சை எழுத்தாக்கும் வேலை உங்கள் கணினியில் நடப்பதில்லை, இணையம் வழியாக வேறெங்கோ உள்ள சர்வரில் நடக்கிறது. அதனால் இணையம் இல்லாவிட்டால் ஓரெழுத்துகூட விழாது. வெறும் ஒலிதான் போகிறது என்பதால் டேட்டாவை அதிகம் தின்னாது. வீட்டு வைஃபை படுத்தால் கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் தாராளமாக வேலை பார்க்கலாம்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் கீழே வரும் 4-ஆம் படியை விட்டுவிடலாம், அது விண்டோஸ் 11-க்கு மட்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. மாற்ற முடிந்தால் மாற்றிவிடுவது நல்லது.

ஒரு கூகள் கணக்கு வேண்டும். சங்கத்துக்குப் பொதுக் கணக்கு இருந்தால், அதன் கடவுச்சொல் இப்போது யாரிடம் இருக்கிறது, உறுதிசெய்யும் எண் யாருடைய கைப்பேசிக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். முன்னாள் பொருளாளரின் கைப்பேசிக்குப் போகிறது என்றால், அவர் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அலுவலகக் கணினி என்றால் நிர்வாகி கடவுச்சொல்லும் தேவைப்படலாம். மொழி சேர்க்கும்போதும் மைக்குக்கு அனுமதி கொடுக்கும்போதும் சில அலுவலகங்களில் பூட்டு போட்டிருப்பார்கள்.

கடைசியாக ஒரு தாள். உங்கள் எழுத்தில் அடிக்கடி வரும் ஆள் பெயர், சாலைப் பெயர், இலாகா பெயர் எல்லாவற்றையும் சரியான எழுத்தில் அதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது எதற்கு என்று 7-ஆம் படியில் தெரியும்.

2. மைக்: காசைப் போடுவதென்றால் இங்கே போடுங்கள்

மடிக்கணினியில் உள்ள மைக்கிலேயே தொடங்கலாம். ஆனால் அது உங்கள் குரலோடு மேலே சுற்றும் காற்றாடி, பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி, கீழே போகும் மோட்டார்சைக்கிள் எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். தவறான சொற்களில் பல, மைக் சரியில்லாததால் வருபவை. மென்பொருளை மாற்றிப் பார்ப்பதற்கு முன் மைக்கை மாற்றிப் பாருங்கள்.

வாங்க வேண்டியது, வாய்க்கருகே மைக் நீட்டிக்கொண்டிருக்கும் சாதாரண யுஎஸ்பி ஹெட்செட். 60 முதல் 120 வெள்ளிக்குள் நல்லதே கிடைக்கும். கோலாலம்பூர்க்காரர்களுக்குப் புக்கிட் பிந்தாங்கில் லோ யாட் பிளாசா இருக்கிறது, பினாங்கில் கொம்தார் பக்கம் போகலாம். இணையக் கடைகளில் இன்னும் மலிவாக இருக்கும், ஆனால் கடையில் வாங்கினால் அங்கேயே செருகிப் பேசிப் பார்க்கலாம்.

கடைக்காரர் இரண்டு விஷயத்தில் உங்களை வேறு பக்கம் திருப்பக்கூடும். ஒன்று புளூடூத் ஹெட்செட். பாட்டு கேட்க அருமையாக இருக்கும், ஆனால் அதன் மைக்கைத் திறந்ததும் பலவற்றில் ஒலி தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். பேசி எழுத வயர் வைத்ததே மேல். இன்னொன்று 3.5 மில்லிமீட்டர் ஊசி வைத்த ஹெட்செட். ஒரே துளை உள்ள மடிக்கணினியில் அது வேலை செய்யும். ஒலிக்கு ஒரு துளை, மைக்குக்கு ஒரு துளை என்று இருக்கும் பழைய மேசைக் கணினியில் இடையே ஒரு பிரிப்பான் வயர் போட வேண்டும். யுஎஸ்பி என்றால் இந்தத் தொல்லையே இல்லை.

மைக்கை வாய்க்கு நேராக வைக்காதீர்கள். வாயோரத்தில், கன்னத்தை ஒட்டி, இரண்டு விரல் இடைவெளியில் வையுங்கள். நேராக இருந்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் மூச்சுக்காற்று மோதி ஒலி வெடிக்கும். பிறகு விண்டோஸில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியைத் திறந்து அரை நிமிடம் பேசிப் பதிந்து கேளுங்கள். உங்கள் காதுக்கே தெளிவாக இல்லாதது மென்பொருளுக்கும் தெளிவாக இருக்காது. தகரக் கூரை வீட்டில் மழை பிடித்துக்கொண்டால் அன்றைக்குப் பேச வேண்டாம், திருத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதையொட்டி வருமான வரி பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் சொந்தப் பயன்பாட்டுக்குப் புதிய கணினியே வாங்குவதாக இருந்தால் வாழ்க்கைமுறைக் கழிவில் 2,500 வெள்ளி வரை கேட்கலாம். அந்தத் தொகைக்குள் திறன்பேசி, டேப்லட், புத்தகம், உங்கள் பெயரில் வரும் இணையக் கட்டணம் எல்லாம் சேர்ந்தே வரும். ரசீதை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சடித்த ரசீது சீக்கிரமே வெளுத்துவிடும் என்பதால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள். சங்கப் பணத்தில் வாங்கியதை உங்கள் வரிக்கணக்கில் காட்டாதீர்கள்.

3. கூகள் டாக்ஸ்: முதல் மாதம் இதிலேயே இருங்கள்

வழிகள் பல உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது இது ஒன்றைத்தான், ஏனென்றால் காசு இல்லை, நிறுவ வேண்டியது எதுவும் இல்லை.

குரோமில் கூகள் டாக்ஸைத் திறந்து வெற்று ஆவணம் ஒன்றை எடுங்கள். மேலே ‘டூல்ஸ்’ பட்டியலில் ‘வாய்ஸ் டைப்பிங்’ இருக்கும். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். இடப்பக்கம் மைக் படத்தோடு ஒரு சிறு பெட்டி தோன்றும். அதன் மேலே மொழியின் பெயர் இருக்கும். அதைச் சொடுக்கினால் வரும் நீண்ட பட்டியலில் மொழிகள் அந்தந்த எழுத்தில் இருக்கும். ஆங்கில ‘டி’ வரிசையில் தேடினால் தமிழ் கிடைக்காது. கீழே இறங்கிக்கொண்டே போனால் ‘தமிழ்’ என்று தமிழிலேயே இருக்கும்.

அங்கே இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தமிழ் இருக்கும். மலேசியாவைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒரு பத்தியை மலேசியாவில் ஒரு முறை, இந்தியாவில் ஒரு முறை வாசித்துப் பாருங்கள். எதில் திருத்தம் குறைவாக இருக்கிறதோ அதுவே உங்களுக்கானது.

மைக் படத்தைத் தட்டியதும் உலாவி அனுமதி கேட்கும், கொடுங்கள். கேட்கவே இல்லை, எதுவும் விழவில்லை என்றால் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். முகவரிப் பட்டையின் இடப்பக்கச் சின்னத்தைத் தட்டினால் அந்தத் தளத்துக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று தெரியும். குரோம் அமைப்புகளில் தள அனுமதிகளுக்குள் போய், எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்று பாருங்கள். ஹெட்செட் செருகியிருந்தும் மடிக்கணினி மைக்கே தேர்வில் கிடக்கும், இது அடிக்கடி நடப்பது. மூன்றாவது, விண்டோஸ் அமைப்புகளில் அந்தரங்கப் பகுதியில் உள்ள மைக்ரோஃபோன் பக்கம். அங்கே மேசைக் கணினிச் செயலிகளுக்கு அனுமதி என்று தனியாக ஒரு பொத்தான் கீழே இருக்கும். மேலே உள்ளதை மட்டும் திறந்துவிட்டு இதை மறந்துவிடுவார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது வேறு தாவலுக்குப் போனால் மைக் அணைந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தாலும் அணையும். மைக் படம் சிவப்பாக இருந்தால்தான் கேட்கிறது என்று பொருள். பத்து நிமிடம் ஆவேசமாகப் பேசிவிட்டு நிமிர்ந்து பார்த்தால் முதல் வரியோடு நின்றிருக்கும். ஒவ்வொரு பத்தி முடிவிலும் ஒரு தடவை கண்ணை ஓட்டுங்கள்.

4. விண்டோஸ் 11: எல்லா இடத்திலும் பேச வேண்டும் என்றால்

மின்னஞ்சல், வேர்ட், வாட்ஸ்அப் என்று கர்சர் நிற்கும் இடத்திலெல்லாம் பேசி எழுத விண்டோஸ் விசையையும் எச் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். இதற்கு முன் அமைப்புகளில் நேரமும் மொழியும் பகுதிக்குப் போய், மொழி சேர்க்கும் இடத்தில் தமிழைச் சேர்த்திருக்க வேண்டும். இங்கே இந்தியத் தமிழைச் சேருங்கள்.

பலரும் விழும் குழி இதுதான்: பேச்சு மொழி தனியாக மாறாது, விசைப்பலகை மொழியைப் பின்பற்றியே மாறும். ஆங்கில விசைப்பலகையில் இருந்துகொண்டு தமிழில் பேசினால் உங்கள் தமிழை ஆங்கிலமாகக் கேட்டு என்னென்னவோ எழுதும். விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் அழுத்தித் தமிழுக்கு மாற்றிய பிறகுதான் பேச வேண்டும். இதற்கும் இணையம் தேவை. ‘வாய்ஸ் ஆக்சஸ்’ என்று இன்னொன்று விண்டோஸில் இருக்கும், கணினியையே குரலால் ஓட்டுவது. அதில் தமிழ் இல்லை, அதில் நேரத்தைப் போடாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் 365 சந்தா ஏற்கனவே இருந்தால் வேர்டிலேயே ‘டிக்டேட்’ பொத்தான் உண்டு, அதன் மொழிப் பட்டியலிலும் இந்தியத் தமிழ் இருக்கிறது. இதற்காக மட்டும் சந்தா கட்ட வேண்டாம்.

5. பேசும் முறை

வீட்டில் பேசுகிற மாதிரி பேசினால் வராது. ‘தலைவரு வந்துட்டாரு, எல்லாரும் பசியாறிட்டாங்க’ என்று சொன்னால், அப்படியே எழுதினாலும் எழுதும், பாதியை வேறு ஏதோ சொல்லாக மாற்றினாலும் மாற்றும். ‘தலைவர் வந்துவிட்டார், அனைவரும் பசியாறிவிட்டார்கள்’ என்று எழுத்துத் தமிழில், மின்னல் எஃப்எம்மில் செய்தி வாசிப்பவர் வேகத்தில் சொல்லுங்கள். முதலில் கூச்சமாக இருக்கும். வீட்டில் சிரிப்பார்கள். கதவைச் சாத்திக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி நிறுத்திச் சொல்வது கெடுதல். மென்பொருள் முன்பின் சொற்களை வைத்துத்தான் ஒரு சொல்லை முடிவு செய்கிறது. ‘மழை’ என்று தனியாகச் சொன்னால் மலையாகவும் போகலாம், ‘நேற்று மாலை பெய்த மழையில்’ என்றால் தப்பிக்கும். ஒரு மூச்சுக்கு ஒரு தொடர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு, வாயைத் திறக்கும் முன்பே அந்தத் தொடர் மனத்தில் முழுதாக இருக்க வேண்டும். தட்டச்சில் பழகியவர்களுக்கு இதுதான் கஷ்டம். பாதி வாக்கியம் அடித்துவிட்டு மீதியை யோசிப்பது நம் பழக்கம். பேசும்போது அந்த யோசனையெல்லாம் ‘வந்து’, ‘அதாவது’, ‘ம்ம்’ என்று திரையில் விழும். ஒரு தாளில் சொல்ல வேண்டியவற்றை நாலைந்து வரியாகக் கிறுக்கி வைத்துக்கொண்டு பேசுங்கள்.

திரையைப் பார்க்காதீர்கள். நீங்கள் பேசப் பேச எழுத்து ஓடும். பின்னால் வரும் சொல்லைக் கேட்டு முன்னால் எழுதியதை அதுவே மாற்றும். அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் ‘ஐயோ தப்பு’ என்று நாக்கு நின்றுவிடும். இரண்டு விநாடி விட்டால் பல தவறுகள் அதுவாகவே சரியாகும். சன்னலைப் பார்த்துப் பேசுங்கள்.

நம் பேச்சில் மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் வரும். தமிழ் மொழியைத் தேர்ந்தெடுத்துவிட்டு நடுவில் ஒரு முழு மலாய் வாக்கியத்தைச் சொன்னால் அது அரைகுறையாகத்தான் விழும். ஒரு பகுதி முழுவதும் மலாய் என்றால், கூகள் டாக்ஸில் மொழியை பஹாசா மலாயுவுக்கு மாற்றிவிட்டுப் பேசுங்கள். சங்கப் பதிவிலாகாவுக்கான விவரங்களை நான் இப்படித்தான் தயாரிக்கிறேன்.

தொண்டையையும் கவனியுங்கள். மணிக்கட்டைக் காப்பாற்றப் போய்க் குரலைக் கெடுத்துக்கொண்டால் என்ன லாபம்? இருபது நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தண்ணீர் குடியுங்கள். கத்த வேண்டியதில்லை, மைக் சரியாக இருந்தால் சாதாரணக் குரலே போதும்.

6. முற்றுப்புள்ளியை எப்படி வைப்பது?

ஆங்கிலத்தில் ‘பீரியட்’ என்று சொன்னால் கூகள் டாக்ஸ் புள்ளி வைக்கும், ‘நியூ லைன்’ என்றால் அடுத்த வரிக்குப் போகும். தமிழுக்கு அந்த வசதி இல்லை. குரலால் கட்டளையிடுவதும் ஆங்கிலத்தில் மட்டும்தான். ‘முற்றுப்புள்ளி’ என்று நீங்கள் சொன்னால் அந்தச் சொல்லே எழுத்தில் விழும்.

விழட்டும், அதையே பயன்படுத்திக்கொள்ளலாம். வாக்கியம் முடியும் இடமெல்லாம் ‘முற்றுப்புள்ளி’ என்றே சொல்லிக்கொண்டு போங்கள். முடித்த பிறகு கன்ட்ரோல், எச் அழுத்தினால் தேடி மாற்றும் பெட்டி வரும். தேடும் கட்டத்தில் முதலில் ஒரு இடைவெளி, பிறகு ‘முற்றுப்புள்ளி’ என்று கொடுங்கள். மாற்றும் கட்டத்தில் வெறும் புள்ளி. எல்லாவற்றையும் மாற்று என்றால் ஒரே தட்டில் முடிந்துவிடும். முன்னால் அந்த இடைவெளியைக் கொடுக்காவிட்டால் ஒவ்வொரு புள்ளியும் சொல்லை விட்டு விலகி நிற்கும். ‘காற்புள்ளி’, ‘கேள்விக்குறி’ ஆகியவற்றுக்கும் இதே வழி.

பத்தி பிரிக்க மட்டும் கையால் என்டர் தட்டுங்கள். கடைசிச் சொல் திரையில் விழுந்த பிறகு தட்ட வேண்டும். அவசரப்பட்டு முன்பே தட்டினால் பாதி வாக்கியம் புதுப் பத்திக்குப் போய்விடும். விண்டோஸ் 11-இல் பேசும்போது வரும் சிறு பெட்டியின் பல்சக்கரப் பொத்தானுக்குள் தானாக நிறுத்தற்குறி இடும் தேர்வு இருக்கிறது. தமிழில் அதைத் திறந்துவைத்து ஒரு பத்தி சொல்லிப் பார்த்து, பிடித்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

7. பெயர்கள், சாலைகள், எண்கள்

ஜாலான் பாகான் லுவார், லெபு குயின், பாயான் லெப்பாஸ், ஜாலான் துன் சம்பந்தன். இவற்றைத் தமிழ் வாக்கியத்துக்குள் சொன்னால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி வரும். ஒரே பெயருக்கு ஒரே ஆவணத்தில் மூன்று எழுத்துமுறை வந்தால் தேடி மாற்றுவதும் முடியாது. ஆள் பெயர்களிலும் இதே கதை, தலைப்பெழுத்து இருந்தால் கேட்கவே வேண்டாம்.

அதனால் பெயரையே சொல்லாதீர்கள். அந்தப் பெயருக்குப் பதில், உங்கள் ஆவணத்தில் வரவே வராத ஒரு எளிய சொல்லைச் சொல்லுங்கள். நான் பழங்களை வைத்திருக்கிறேன். மண்டபம் இருக்கும் சாலைக்கு மாம்பழம், நன்கொடையாளருக்கு அன்னாசி, இலாகாவுக்குப் பலாப்பழம். ‘கூட்டம் மாம்பழத்தில் உள்ள மண்டபத்தில் நடைபெற்றது’ என்று வரைவு இருக்கும். மாற்றும்போது ‘மாம்பழத்தில்’ போன்ற வேற்றுமை உருபு சேர்ந்த வடிவங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். அதைத் தவிர்க்க, ‘மாம்பழம் என்னும் இடத்தில்’ என்று சொல்லிப் பழகலாம். முதல் படியில் எழுதச் சொன்ன தாளில் பெயருக்குப் பக்கத்திலேயே பழத்தையும் எழுதிவிடுங்கள். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு ஆவணத்தில் பழம் எதுவும் மிச்சமில்லை என்று தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். நன்றிக் கடிதம் ‘மதிப்பிற்குரிய அன்னாசி அவர்களுக்கு’ என்று போய்ச் சேரக் கூடாது.

எண்கள் ஒரு நேரம் இலக்கமாகவும் ஒரு நேரம் எழுத்தாகவும் வரும். தொகையைப் பேசி எழுதலாம், ஆனால் கணக்குப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட வேண்டும். 12 இலக்க அடையாள அட்டை எண், வங்கிக் கணக்கு எண் ஆகியவற்றைப் பேசவே வேண்டாம், கையால் அடியுங்கள். தவறு வரும் என்பது ஒரு பக்கம், அவை இணையத்தில் போகத் தேவையில்லை என்பது இன்னொரு பக்கம்.

8. திருத்தம்: பாதி நேரம் இங்கேதான் போகும்

பேசியது எப்படி விழும் என்று காட்டிவிடுகிறேன். புள்ளிகளைச் சொல்லாமல் விட்ட ஒரு கூட்டக் குறிப்பு:

‘கடந்த ஆண்டு பொது கூட்ட குறிப்பை செயலாளர் வாசித்தார் திருத்தம் எதுவும் இல்லாததால் அவை அதை ஏற்று கொண்டது பொருளாளர் கணக்கறிக்கையை விலக்கினார் மண்டப வாடகைக்கு செலுத்திய முன் பணம் திரும்ப கிடைக்கவில்லை என்று தெரிவித்தார்’

திருத்திய பின்:

‘கடந்த ஆண்டுப் பொதுக் கூட்டக் குறிப்பைச் செயலாளர் வாசித்தார். திருத்தம் எதுவும் இல்லாததால் அவை அதை ஏற்றுக்கொண்டது. பொருளாளர் கணக்கறிக்கையை விளக்கினார். மண்டப வாடகைக்குச் செலுத்திய முன்பணம் திரும்பக் கிடைக்கவில்லை என்று தெரிவித்தார்.’

ஒற்று அநேகமாக எல்லா இடத்திலும் விட்டுப்போயிருக்கிறது. ‘ஏற்று கொண்டது’, ‘முன் பணம்’ என்று சேர்ந்திருக்க வேண்டியவை பிரிந்திருக்கின்றன. இவை கண்ணில் படும், திருத்திவிடலாம். ஆபத்து நடுவில் இருக்கிறது: விளக்கினார், விலக்கினார். கணக்கை விளக்கிய பொருளாளர் கணக்கறிக்கையையே விலக்கிவிட்டதாகப் பதிவாகிறது. இதன் கீழ் சிவப்புக் கோடு வராது, இரண்டுமே சரியான சொற்கள்தானே. பணி, பனி, வலி, வழி, அறை, அரை, விளை, விலை எல்லாம் இந்த வகைதான். நம்மில் பலருக்கு ழகரமும் ளகரமும் நாக்கில் ஒன்றாகிவிட்டது. அந்த அலட்சியம் அப்படியே திரையில் தெரியும். கொஞ்சம் நாக்கை மடித்துப் பேசினால் திருத்தம் பாதியாகும்.

திருத்துவதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாசிப்பு பேசிய அன்றைக்கே, வாய்விட்டு. சொன்னது வேறு, விழுந்தது வேறு என்று இருப்பதை அன்றைக்கு மட்டும்தான் நினைவிலிருந்து பிடிக்க முடியும். இரண்டு நாள் தள்ளிப் பார்த்தால் ‘இங்கே என்ன சொல்ல வந்தேன்?’ என்று முழிப்பீர்கள். ஒற்றும் சேர்த்தெழுதுவதும் மறுநாள் நிதானமாகப் பார்க்கலாம். ‘பொது கூட்ட’, ‘குறிப்பை செயலாளர்’ போல ஒவ்வொரு ஆவணத்திலும் திரும்பத் திரும்ப வருபவற்றை ஒரு பட்டியலாக வைத்துத் தேடி மாற்றினால் வேலை குறையும். கையால் அடிக்க வேண்டிய இடங்களுக்கு முரசு அஞ்சலோ விண்டோஸில் உள்ள தமிழ் 99-ஓ, எது பழக்கமோ அது.

செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து ஒற்றும் புள்ளியும் போட்டு வாங்கலாமே என்று கேட்பார்கள். போடும். கூடவே வாக்கியத்தையும் அழகுபடுத்தித் தரும். கூட்டக் குறிப்பில் யாரும் சொல்லாத ஒன்று அழகான தமிழில் ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டியது செயலாளர்தான்.

9. பதிவு செய்த கூட்டத்தை எழுத்தாக்க

கைப்பேசியில் பதிந்த கூட்டத்தைக் கணினி மைக் முன்னால் ஓடவிட்டு எழுத வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். நான்கு பேர் குறுக்கே பேசுவதும் நாற்காலி இழுபடுவதும் சேர்ந்து குப்பையாகத்தான் வரும்.

நன்றாக வேலை செய்வது இது: பதிவை ஹெட்செட்டில் நீங்கள் கேளுங்கள், ஒரு வாக்கியம் கேட்டதும் நிறுத்துங்கள், அதை எழுத்துத் தமிழில் நீங்களே திருப்பிச் சொல்லுங்கள். கைப்பேசியில் கேட்டுக் கணினியில் சொன்னால் தாவல் மாற்றும் தொல்லையும் இல்லை. சண்டை, கிண்டல், தேநீர் கேட்டது எல்லாம் அப்போதே வடிகட்டப்பட்டுவிடும்.

கணினியே செய்யட்டும் என்றால் விஸ்பர் இருக்கிறது. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் வெளியிட்டது, இலவசம், தமிழும் தெரியும். உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும், ஒலி வெளியே போகாது. கட்டளை அடிக்கத் தெரியாதவர்கள் ‘சப்டைட்டில் எடிட்’ என்ற இலவச மென்பொருளுக்குள் இருந்து அதை ஓட்டலாம். விஸ்பர் சிறிதும் பெரிதுமாகப் பல மாதிரிகளாகக் கிடைக்கிறது. தமிழுக்குச் சிறிய மாதிரிகள் போதவில்லை, பெரியதைத்தான் எடுக்க வேண்டும். அதைப் பதிவிறக்க ஏறத்தாழ 3 ஜிகாபைட் ஆகும். அது வேகமாக ஓட 10 ஜிகாபைட் நினைவகம் உள்ள கிராஃபிக்ஸ் அட்டை தேவை. அட்டை இல்லாத மடிக்கணினியில் இரவு ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். இன்னொன்று, பதிவில் நீண்ட மௌனம் வந்தால் யாரும் சொல்லாத வரியை அது தானாக எழுதும், சில நேரம் ஒரே வரியைத் திரும்பத் திரும்ப எழுதும். ஒலியோடு ஒப்பிடாமல் எதையும் நம்பாதீர்கள்.

கூட்டத்தைப் பதியும் முன் உறுப்பினர்களிடம் சொல்லி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள், அதையும் குறிப்பில் ஒரு வரியாகச் சேருங்கள். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அது உங்கள் சங்கத்துக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்ற வாதத்துக்குள் போக வேண்டியதில்லை, கேட்டுவிட்டுப் பதிவது மரியாதை. உறுப்பினர் மீதான புகார், நோய் விவரம், கடன் பாக்கி போன்றவற்றை இணையம் வழியாகப் பேசி எழுத வேண்டாம்.

10. எதற்குக் காசு கொடுக்க வேண்டாம்

கடைகளிலும் இணையத்திலும் டிராகன் மென்பொருளைப் பெரிதாகச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது பேர்போனது, மறுப்பதற்கில்லை. தமிழ் அதில் இல்லை. தொழில்முறைப் பதிப்பின் விலை 699 அமெரிக்க டாலர், மேக் கணினிக்கு அது 2018-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. தமிழ் எழுதுவதற்காக யாராவது அதை வாங்கச் சொன்னால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

‘தமிழ்ப் பேச்சு மென்பொருள்’ என்று மாதச் சந்தா கேட்கும் செயலிகளும் நிறைய. பல, இலவசமாகக் கிடைப்பதையே வேறு முகப்பில் வைத்து விற்பவை. ஒரு மாதம் கூகள் டாக்ஸில் பேசிப் பார்த்து, அதில் எது உங்களுக்குப் போதவில்லை என்று தெளிவாகச் சொல்ல முடிந்த பிறகு காசு கொடுப்பதைப் பற்றி யோசியுங்கள்.

மைக் வாங்கவே மனமில்லை என்றால் ஆண்டிராய்டு கைப்பேசியில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்து, டாக்ஸ் செயலியைத் திறந்து அதில் பேசுங்கள். ஒரே கணக்கு என்பதால் கணினித் திரையிலும் அதே ஆவணத்தில் எழுத்து வந்து நிற்கும். கைப்பேசி மைக் மடிக்கணினி மைக்கைவிட வாய்க்கு அருகில் இருப்பதால் பலருக்கு இதுவே நன்றாக வருகிறது.

11. நேரத்தைக் கணக்குப் போடுங்கள்

ஒரு பக்கம் பேச எடுக்கும் நேரத்துக்குச் சமமாகத் திருத்தவும் எடுக்கும், தொடக்கத்தில் இரண்டு மடங்குகூட ஆகும். 1966-ஆம் ஆண்டு சங்கச் சட்டப்படி ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டு விவரங்களைப் பதிவிலாகாவுக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கெடு நெருங்கும் வாரத்தில் புதிதாகப் பேசி எழுதப் பழகத் தொடங்காதீர்கள். அவசரமில்லாத ஒரு கடிதத்தில், ஒரு அழைப்பிதழில் கைபழகிய பிறகு பெரிய வேலைக்கு வாருங்கள். கெடு ஏற்கனவே நெருங்கிவிட்டது என்றால் இந்த முறை பழையபடி அடித்துவிடுங்கள்.

12. அச்சகத்துக்கு அனுப்பும்போது

பேசி எழுதியது யூனிகோடில், அதாவது எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில் இருக்கும். நம் ஊர் அச்சகங்கள் சிலவற்றில் இன்னும் பழைய எழுத்துருக்களை வைத்தே வடிவமைக்கிறார்கள். அதில் யூனிகோடை ஒட்டினால் வெறும் கட்டங்களாக வரும். யூனிகோடு வாங்குவார்களா என்று மலர் வேலை தொடங்கும் முன்பே கேளுங்கள். பக்கம் வடிவமைக்க இன்டிசைன் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களாக இருந்தால் பத்தி அமைப்பில் ‘வேர்ல்டு-ரெடி’ தேர்வை வைக்கச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் ‘கொ’, ‘கே’ போன்றவற்றில் கொம்பு எழுத்துக்கு முன்னால் போகாமல் பின்னால் போய் நிற்கும். ஆவணத்தோடு பிடிஎஃப் ஒன்றையும் சேர்த்து அனுப்புங்கள். அச்சுப்படி வந்ததும் அந்தப் பிடிஎஃப்பைப் பக்கத்தில் வைத்து, கொம்புகளையும் பெயர்களையும் மட்டுமாவது ஒரு தடவை விரல் வைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.